தராசில் போகும் எமது சொத்து

ஊருக்குள் லொறியொன்று வருகின்றது. "பழைய இரும்பு, பழைய பற்றறி, அலுமினியம், பித்தளை" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைகின்றது. வளவின் மூலையில் பூவரச மரத்தின் கீழ் துருப்பிடித்து நிற்கும் உழவு இயந்திரத்தை வியாபாரி ஒருதரம் சுற்றிப் பார்க்கிறார். "இது இனி ஓடாது அண்ணை. நிறைக்குத்தான் எடுக்கலாம்" என்கிறார். வீட்டுக்காரருக்கும் பணம் தேவை. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு இருக்கின்றது, விதைப்புக் கடன் இருக்கின்றது. மாலைக்குள் இயந்திரம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு லொறியில் ஏறிவிடுகின்றது.

மறுவாரம் அதே வீட்டுக்காரர், அயலவரின் இயந்திரத்துக்கு ஒரு டீசல் பம்பி தேடி நகரத்துக்குப் போகிறார். கடையில் அவருக்குக் காட்டப்படுவது ஒரு பழைய பம்பி. கழுவி, எண்ணெய் பூசி, தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றது. அதற்குக் கேட்கும் விலை, அவர் தமது முழு இயந்திரத்துக்கும் பெற்ற பணத்தில் பெரும் பங்கு. அது அவருடைய இயந்திரத்தின் பம்பியாகவே இருக்கவும் கூடும்.

இத்தகைய நிகழ்வுகளை நாம் கிராமங்களில் அடிக்கடி காண்கின்றோம். இதில் வியாபாரியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர் தமது தொழிலைச் செய்கிறார். ஆனால், ஓடாத வாகனம் என்பது வெறும் இரும்பு என்று எம்மை நம்பவைத்தது யார்? பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்கும் தொழிலை எமது விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து ஏன் செய்யக்கூடாது? இக்கேள்வியை உங்கள் முன் வைப்பதே எமது நோக்கம்.

நாம் கற்ற பாடம்

இது எமக்குப் புதிய தொழிலன்று. 1990 களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தை வயதில் மூத்தவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். எரிபொருள், பற்றறி, ரயர், உதிரிப்பாகம் என எதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை. ஆயினும் வாகனங்கள் ஓடின. ஒரு சிறு போத்தல் பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வாடகைக்கு ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டோம். ஒரு வாகனம் படுத்துவிட்டால் அதன் உறுப்புகளால் இன்னும் இரண்டு வாகனங்கள் உயிர்பெற்றன. மரநிழலில் சாக்கு விரித்து வேலை செய்த கைகளுக்கு எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

அந்த அறிவு இன்னும் எம்மிடம் உண்டு. ஆனால் அது வயோதிபர்களின் கைகளோடு மறைந்துகொண்டிருக்கின்றது. தேவையோ குறையவில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது புதிய உதிரிப்பாகங்களின் விலை ஏழை விவசாயிக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதாயினும், புதிய வாகனம் வாங்கும் நிலையில் எம்மவர் எத்தனை பேர் இருக்கின்றனர்? பழைய மசி பேர்குசனும் இரு சக்கர உழவு இயந்திரமும் பஜாஜ் ஓட்டோவும்தான் எமது கிராமங்களில் தொடர்ந்தும் ஓடவேண்டியிருக்கின்றது. அவற்றுக்குப் பாகம் வேண்டும்.

இலாபம் எங்கே இருக்கின்றது?

விளங்குவதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத நான்கு சக்கர உழவு இயந்திரமொன்றின் நிறை 1,500 கிலோ எனவும், பழைய இரும்பு கிலோ 100 ரூபா எனவும் கொள்வோம். தராசில் விற்றால் கிடைப்பது 150,000 ரூபா. இப்போது உங்கள் சங்கம் அதையே 200,000 ரூபாவுக்கு வாங்குகின்றது. விற்பவருக்கும் 50,000 ரூபா கூடுதலாகக் கிடைக்கின்றது. ஏற்றியிறக்க 20,000, கழற்றும் கூலியும் கருவிச் செலவும் 40,000, வாடகை முதலியவற்றுக்கு 20,000 என்று வைத்தால் மொத்தச் செலவு 280,000 ரூபா. ஒரு வருடத்துக்குள் கியர் பெட்டி, டீசல் பம்பி, ஹைட்ரோலிக் பம்பி, ஸ்ராட்டர், முன் அச்சு, பின் சில்லு என்பன 320,000 ரூபாவுக்கு விலைப்படுகின்றன. மிஞ்சிய 800 கிலோ இரும்பு தராசுக்குப் போய் 80,000 ரூபா வருகின்றது. வரவு 400,000, மிச்சம் 120,000 ரூபா.

இதே இயந்திரத்தை ஆசைப்பட்டு 300,000 ரூபாவுக்கு வாங்கியிருந்தால் மிச்சம் வெறும் 20,000 ரூபா. 330,000 க்கு வாங்கியிருந்தால் 10,000 ரூபா நட்டம். வேலை அதே வேலை, வியர்வை அதே வியர்வை. ஆகவே இத்தொழிலில் இலாபம் விற்கும் நாளில் வருவதில்லை. வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றது. வாங்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: இதில் ஒரு வருடத்துக்குள் நிச்சயமாக விலைப்படக்கூடிய பாகங்கள் எவை? ஒவ்வொன்றும் என்ன விலை போகும்? அந்தக் கூட்டுத்தொகையின் பாதிக்கு மேல் வாகனத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

அந்தத் தாளை எழுத, முதலில் கேள்வியை அறியவேண்டும். வளவுக்கு வேலி போடுமுன் சுற்றியுள்ள கராஜ்களுக்குப் போங்கள். "கடந்த மாதம் எந்தச் சாமான் தேடி அலைந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். நாலைந்து இடங்களில் ஒரே பதில் வந்தால் அதுவே உங்கள் தொழிலின் அத்திவாரம். எல்லா வகை வாகனத்தையும் வாங்கிக் குவிப்பவர் எதையும் விற்கமாட்டார். இரண்டு மூன்று வகைகளோடு தொடங்குங்கள். மசி பேர்குசன் 135 இலும் 240 இலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இயந்திரம் உள்ளது. ஆதலால் இயந்திரப் பாகங்கள் பல இரண்டுக்கும் உதவும். இவ்வாறு ஒரு பாகம் பல வாகனங்களுக்குப் பொருந்தும் இனங்களைத் தெரிவுசெய்வது புத்திசாலித்தனம்.

யாருடைய பொருள்?

இனி நாம் சொல்லப்போவது கணக்கைவிட முக்கியமானது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது வீட்டோடு வாகனங்களையும் விட்டுச் சென்றனர். 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் குவியல் குவியலாகக் கைவிடப்பட்டன. உரியவர்களில் பலருக்கு அவை மீளக் கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்தவனின் இரும்பை எவனோ விற்றுத் தின்றான் என்ற வேதனை எமது மக்களின் மனதில் ஆறாத புண்ணாக இருக்கின்றது.

மீளக்குடியமர்ந்த ஒருவர் எம்மிடம் சொன்னது நினைவில் நிற்கின்றது. தமது இயந்திரத்தின் பெட்டியில் தாமே ஒட்டுவித்த ஒரு தகட்டை, வேறொருவரின் பெட்டியில் கண்டாராம். "நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பார்" என்றார். அந்தக் காசு போய்ச்சேர்ந்த இடத்தில் நாமும் நிற்கலாமா?

ஆகவே இத்தொழிலின் முதற் சட்டம் இதுவே: உரிமை தெரியாத வாகனத்தில் ஒரு நட்டையும் கழற்றாதீர்கள். வெற்றுக் காணியில் வருடக்கணக்காக நின்றாலும் அது யாரோ ஒருவருடையது. வாங்கும்போது பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, இரண்டு சாட்சிகள் ஆகியன கட்டாயம். கழற்றுமுன் அவ்வாகனத்தின் பதிவை நீக்குவது பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

இடம்பெயர்வில் சான்றிதழைத் தொலைத்தவர் எம்மிடையே பலர். அவர்களைக் கள்வராகப் பார்க்கலாகாது. பொலிசில் முறைப்பாடு பதிந்து, திணைக்களத்தில் பிரதி பெற அவர்களுக்கு உதவுங்கள். காலம் எடுக்கும், அதுவரை வாகனம் அவர் வளவிலேயே நிற்கட்டும். சங்கத்தின் நல்ல பெயர் இதனாலேயே வளரும்.

இன்னொரு பொறியும் உண்டு. யுத்தம் முடிந்தபின் லீசிங் முறையில் எடுக்கப்பட்ட உழவு இயந்திரங்கள் ஏராளம். தவணை கட்டி முடியும்வரை அவற்றின் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. சான்றிதழில் அது குறிக்கப்பட்டிருக்கும். கடன் நெருக்கத்தில் ஒருவர் கண்ணீரோடு வந்து விற்க முனைந்தாலும், நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமின்றி வாங்க வேண்டாம். இரக்கப்பட்டு வாங்கினால் அவரும் வழக்கில் விழுவார், நீங்களும் விழுவீர்கள்.

கழற்றும் ஒழுங்கு

கதிரை அறுத்து, சூடடித்து, தூற்றி, பதர் வேறு நெல் வேறாகப் பிரிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டல்லவா? இதற்கும் அவ்வாறே.

முதலில் பற்றறியைக் கழற்றுங்கள். அடுத்து எரிபொருள், இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேற்றர் நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் வடித்தெடுங்கள். இயந்திரம் இயங்குமானால் இவற்றுக்கு முன்னரே இயக்கிப் பார்த்து, சத்தம், புகை, எண்ணெய் அமுக்கம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். "நாங்கள் இயக்கிப் பார்த்துத்தான் கழற்றினோம்" என்று சொல்லக்கூடிய பாகத்துக்கு விலை வேறு. பின்னர் சில்லுகள், மின்சாமான்கள், ரேடியேற்றர், இயந்திரம், கியர் பெட்டி, பின் அச்சு என்ற வரிசையில் இறக்குங்கள்.

வெட்டுவதைக் கடைசியாக வையுங்கள். காஸ் வெட்டியைக் கையில் எடுத்தவுடன் பாகம் இரும்பாகிவிடுகின்றது. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்தால் மறுநாள் அது திரும்பும். பொறுமையும் இங்கே காசுதான். கழற்றிய போல்ற்றுகளை அந்தந்தப் பாகத்தோடு ஒரு பையிலிட்டுக் கட்டுங்கள். அவற்றைத் தேடி அலைவது வாங்குபவரின் தலைவேதனை.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம் எழுதிக் கம்பியால் கட்டுங்கள். அதே இலக்கத்தைக் கொப்பியில் பதியுங்கள்: எந்த வாகனத்தினது, எப்போது கழற்றியது, என்ன நிலை, என்ன விலை, யாருக்கு எப்போது விற்றது. மழை படாத கூரையும் தட்டும் அவசியம். உராயும் பரப்புகளுக்குக் கிறீஸ் பூசவேண்டும். குவியலுக்குள் தேடவேண்டிய பாகம் இல்லாத பாகத்துக்குச் சமம்.

விலைப்படாதவற்றையும் கலந்து கொட்டாதீர்கள். ஸ்ராட்டர், அல்ரனேற்றர் ஆகியவற்றில் செம்பு உண்டு. பழைய ரேடியேற்றரில் செம்பும் பித்தளையும் உண்டு. பிஸ்ரன் அலுமினியம். இவற்றைப் பிரித்து விற்றால் ஒரு விலை. இரும்போடு சேர்த்துத் தராசில் ஏற்றினால் இரும்பு விலை.

மண்ணும் தண்ணீரும் உயிரும்

விவசாயிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்கிறோம். இன்று நிலத்தில் ஊற்றும் கழிவெண்ணெய் நாளை கிணற்றுக்கு வரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014-2015 காலப்பகுதியில் பெரும் பிரச்சினையாகி, உயர் நீதிமன்றம்வரை சென்று, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 இல் மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு உத்தரவிடப்பட்டது. நட்டஈடு கிணற்றைத் துப்புரவாக்கித் தருவதில்லை. ஆதலால் வடிக்கும் இடத்துக்குச் சீமெந்துத் தளம் போடுங்கள். கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில் இடம் பாருங்கள். வடித்த எண்ணெயைப் பீப்பாயில் மூடிவைத்து, சேகரிப்போரிடம் கொடுங்கள். தொடங்குமுன் வியாபார அனுமதி, சுற்றாடல் அனுமதி பற்றிப் பிரதேச சபையில் விசாரியுங்கள்.

பற்றறியை வளவில் உடைத்து ஈயம் உருக்குவோரைக் கண்டிருக்கிறோம். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பற்றறியை உடைக்காமல் முழுதாகவே விற்றுவிடுங்கள். ரயர்களைக் கூரையின் கீழ் வையுங்கள்; மாரியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டில்.

எல்லாவற்றிலும் மேலாக, வெடிபொருள். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களை வன்னி மண் அறியும். ஷெல் கோது, உருண்டை, இனந்தெரியாத உலோகம் எதையும் வாங்காதீர்கள், தட்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். அந்த இடத்தை அடையாளமிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். சிறுவர் கொண்டுவரும் இரும்பை ஒருபோதும் வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் நூறு ரூபா அப்பிள்ளையை மீண்டும் பற்றைக்குள் அனுப்பும். வெறும் பெற்றோல் தாங்கியும் வெட்டுச் சுவாலையில் வெடிக்கும் என்பதையும், ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழ் எவரும் படுக்கலாகாது என்பதையும் வேலைசெய்வோர் அனைவருக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

கடனும் கணக்கும்

"கடன் அன்பை முறிக்கும்" என்று எத்தனையோ கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தொழிலில் அது சங்கத்தையும் முறிக்கும். காலபோக உழவு தொடங்கும்போது பாகம் தேடி வருபவர் உறவினராகவும் அயலவராகவும் இருப்பார். "அறுவடைக்குத் தருகிறேன்" என்பார். பொய்யர் அல்லர், ஆனால் மழை பொய்த்தால் அவரும் பொய்த்துவிடுவார். எனவே உறுப்பினருக்கு மட்டும், ஓர் எல்லைக்குள், எழுத்தில் கடன் கொடுங்கள். மற்றவர்க்குக் கைக்காசு.

வாகனம் வாங்க ஒதுக்கிய பணம் விதைநெல் போன்றது. பசித்தாலும் விதைநெல்லை அவிக்கக்கூடாது. முதல் வாகனம் விற்று வந்த காசில் இரண்டாவது வாகனத்துக்கான தொகையைத் தனியே வைத்த பின்னரே பங்கு பிரிக்க வேண்டும். முதற் பணத்துக்காகக் கடும் வட்டி நுண்கடன் எடுக்க வேண்டாம். பாகம் விலைப்பட மாதங்கள் ஆகலாம். கிழமைத் தவணை காத்திராது. ஐந்தாறு குடும்பங்கள் சிறுகச் சேமித்து, உங்கள் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் துணையோடு ஒரே ஒரு இரு சக்கர உழவு இயந்திரத்தை வாங்கிக் கழற்றித் தொடங்குவது போதும். புதிய வாகனங்கள் மீண்டும் வரத்தொடங்கியுள்ளதால் பழையவற்றின் விலை இறங்கவும் கூடும்; எனவே விலையேறிய காலத்தை நினைத்து வாங்கிக் குவிக்காதீர்கள்.

வேலையைப் பங்கிடுங்கள். அனுபவமுள்ள மூத்த மெக்கானிக் ஒருவர் வழிகாட்ட, இளைஞர் இருவர் கழற்றட்டும். கொப்பியும் பணப்பெட்டியும் பெண்களின் கையில் இருக்கட்டும். குடும்பத் தலைமையைத் தனியே சுமக்கும் பெண்கள் ஒவ்வொரு சதத்தையும் எப்படிக் கணக்கு வைக்கின்றனர் என்பதை நாம் நேரில் கண்டவர்கள். மாதமொருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசியுங்கள். கணக்கு மறைந்த இடத்தில் சந்தேகம் முளைக்கும்.

"நாங்கள் வெள்ளாமை செய்தவர்கள், பழைய இரும்பு பொறுக்குவதா?" என்று கேட்போர் உண்டு. வெள்ளாமையைக் கைவிடச் சொல்லவில்லை. காணி கைக்கு வராதவருக்கும், வந்த காணியில் மழையை நம்பி இருப்பவருக்கும் இது ஒரு துணைத்தொழில். உழவுக்குத் தேவையான கருவியை உயிரோடு வைத்திருக்கும் தொழில் உழவுக்கு அந்நியமானதன்று. அழுக்கு கையில்தான், அதைச் சவர்க்காரம் போக்கும். உரியவன் அறியாமல் எடுத்த பொருளின் அழுக்குத்தான் போகாது.

அடுத்தமுறை அந்த லொறி உங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது உடனே விலை பேசாதீர்கள். ஒரு தாளை எடுத்து, மரத்தடியில் நிற்கும் அந்த இயந்திரத்தில் இன்னும் உயிருள்ள பாகங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிறகு அயலிலுள்ள நாலு பேரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.